காதல் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காதல் நாவல் படிக்கிறவர் என்று தெரிந்ததும் என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சிலர் ஆவலோடு கேட்பார்கள். சிலர் "இதையெல்லாமா படிக்கிறீர்கள்?" என்கிற தொனியில் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத்தில் வளர்ந்த காதல் நாவல் மரபைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். இந்த வகைக்கு விதிகளும் பெயரும் பெரிய பதிப்பகங்களும் உருவானது அங்கேதான்.

கதையில் காதல் இருந்தாலே அது காதல் நாவல்தானே?

இல்லை. காதல் இல்லாத நாவலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காதல் நாவல் என்று ஒரு வகையாகச் சொல்லும்போது இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, காதல்தான் கதையின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். காதலை உருவி எடுத்துவிட்டால் கதையே நிற்கக் கூடாது. இரண்டாவது, முடிவு மனத்துக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். 1980இல் ஹூஸ்டனில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் எழுத்தாளர்கள் சங்கம் கொடுத்த வரையறையின் சாரமும் இதுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' காதல் நாவல் ஆகாது. அது காதலைப் பற்றிய மகத்தான துயரக் கதை. 1936இல் வந்த 'கான் வித் த விண்ட்' நாவலும் ஆகாது. கடைசியில் நாயகன் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறான். இதனால் அந்த நாவல்கள் மட்டம் என்றோ உயர்வு என்றோ ஆகிவிடாது. வாசகருக்குக் கொடுத்த வாக்கு வேறு, அவ்வளவுதான்.

முடிவு முன்பே தெரியும். அப்புறம் எதற்குப் படிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இதுதான். எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ராமன் சீதையை மீட்பான் என்று தெரியாமலா கம்பனைப் படிக்கிறோம்? துப்பறியும் கதையில் கொலையாளி பிடிபடுவான் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரியும். "என்ன ஆகும்" என்ற கேள்வி தீர்ந்துவிட்ட பிறகு "எப்படி ஆகும்" என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. எழுதுகிறவரின் திறமை முழுவதும் அந்த "எப்படி"யில்தான் வெளிப்பட வேண்டும். ஒளிந்துகொள்ள வேறு இடமே கிடையாது.

இதற்கு ஒரு கண்கூடான சாட்சி இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவல் 'பெர்சுவேஷன்'. ஆன் எலியட் பத்தொன்பது வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படை அதிகாரியைக் காதலிக்கிறாள். அவனிடம் அப்போது பணமில்லை. பெரியவர்கள் பேச்சைக் கேட்டு அவனை மறுத்துவிடுகிறாள். எட்டு ஆண்டுகள் கழித்து, கேப்டனாக, செல்வத்தோடு அவன் திரும்பி வருகிறான். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. இருவரும் சேரப்போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

1816 ஜூலையில் ஆஸ்டின் இந்த நாவலை ஒருமுறை முடித்துவிட்டார். அந்த வடிவத்தில், ஆன் தன் உறவினர் ஒருவரை மணக்கப்போகிறாளா என்று விசாரிக்க வேண்டிய நிலைமை வென்ட்வொர்த்துக்கு வருகிறது. அவனைக் கேட்கச் சொல்வது அவனுடைய அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட். தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவள் இல்லை என்கிறாள். குழப்பம் தீர்கிறது, இருவரும் சேர்கிறார்கள். கதை சரியாகத்தான் முடிகிறது. ஆனால் அது சப்பென்று இருப்பதாக ஆஸ்டினுக்குத் தோன்றியது என்றும், அன்றிரவு மனம் சோர்ந்துபோய்ப் படுக்கப் போனார் என்றும் அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிறகு அந்தப் பகுதியை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதி, ஆகஸ்டில் முடித்தார்.

புதிய வடிவத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாத் நகரத்தில் ஒரு விடுதி அறை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். வென்ட்வொர்த் ஒரு மேசையில் உட்கார்ந்து நண்பனுக்காக ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி, ஜன்னலருகே, ஆன் அந்த நண்பனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஆண்களின் காதல் நீடிக்குமா, பெண்களின் காதல் நீடிக்குமா என்று பேச்சு போகிறது. நம்பிக்கையெல்லாம் போன பிறகும் காதலித்துக்கொண்டே இருப்பது பெண்களுக்கு வாய்த்தது என்று அவள் சொல்கிறாள். இடையில் மேசைப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவன் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. சற்று நேரத்தில் அவன் கிளம்பிப் போகிறான். கையுறையை மறந்துவிட்டேன் என்று உடனே திரும்பி வருகிறான். சிதறிக் கிடக்கும் காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, அவள் முன்னால் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் போய்விடுகிறான்.

இரண்டு வடிவத்திலும் முடிவு ஒன்றுதான். முதல் வடிவத்தில் அவனை ஒருவர் அனுப்பிக் கேட்க வைக்கிறார். இரண்டாவதில், தனக்கு என்று நேரடியாகச் சொல்லப்படாத வார்த்தைகளைக் காதில் வாங்கி, தாங்க முடியாமல் அவனே எழுதுகிறான். எட்டு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர், ஒரு வார்த்தைகூட நேரில் பேசிக்கொள்ளாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். நீக்கப்பட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. அவர் எழுதி முடித்து வெளியான நாவல்களில் கையெழுத்துப் பிரதியாக எஞ்சியிருப்பது அந்தச் சில பக்கங்கள் மட்டும்தான். "முடிவுதான் தெரியுமே" என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கங்களைத்தான் சொல்வேன். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆஸ்டின் இறந்துபோனார். நாவல் 1817 டிசம்பரில்தான் அச்சில் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜெட் ஹேயர் என்ற எழுத்தாளருக்கு ஒரு வாசகி ருமேனியாவிலிருந்து கடிதம் எழுதினார். அரசியல் கைதியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் அவர். ஹேயரின் 'ஃப்ரைடேஸ் சைல்டு' நாவலின் கதையைச் சக கைதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் எல்லோரும் புத்தி பேதலிக்காமல் இருந்தோம் என்று எழுதியிருந்தார். வாசகர் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் வழக்கமே இல்லாத ஹேயர், இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். அந்தச் சிறையில் அத்தனை பேருக்கும் அந்தக் கதையின் முடிவு தெரியும். தெரிந்ததால்தான் கேட்டார்கள்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

ஆங்கில நாவலைப் பொறுத்தவரை, பலரும் சுட்டிக்காட்டுவது 1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா'வை. ஒரு வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களாகவே கதை நகரும். அவளைத் துரத்தித் துரத்தித் தொல்லை கொடுத்த எஜமானன் கடைசியில் திருந்தி அவளை மணக்கிறான். இன்றைக்குப் படிக்கும்போது அந்தத் திருத்தம் எனக்கு ஜீரணமாகவில்லை. ஆனால் சாதாரணப் பெண் ஒருத்தியின் மனத்துக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் உட்கார்ந்திருக்கலாம் என்று காட்டிய புத்தகம் அது.

1813இல் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' வந்தது. அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். மொத்தம் 61 அத்தியாயங்கள். டார்சி முதன்முறை திருமணம் செய்துகொள்ளக் கேட்பது 34ஆம் அத்தியாயத்தில். அதாவது பாதி தாண்டியவுடன் கேட்டு, பலமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். மீதிப் பாதி முழுக்க இரண்டு பேரும் தங்களைத் திருத்திக்கொள்ளும் கதை. இன்றைக்கு எழுதப்படும் காதல் நாவல்களில் பெரும்பகுதி, தெரிந்தோ தெரியாமலோ, இந்த வரைபடத்தின் மேல்தான் நடக்கின்றன.

1847இல் 'ஜேன் ஐர்'. அழகில்லாத, பணமில்லாத, ஆனால் தலைகுனியாத நாயகி. அங்கிருந்து பேய் மாளிகையும் மர்மக் கணவனும் வரும் கோதிக் வகைக்கு ஒரு கிளை போகிறது. 1938இல் டாஃப்னி டு மோரியர் எழுதிய 'ரெபேக்கா' அந்தக் கிளையில் பூத்தது.

மில்ஸ் அண்ட் பூன் என்பது எழுத்தாளரின் பெயரா?

பதிப்பகத்தின் பெயர். ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் 1908இல் லண்டனில் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகங்களும் போட்டார்கள். ஜாக் லண்டனையும் பி. ஜி. வுட்ஹவுஸையும்கூட வெளியிட்டிருக்கிறார்கள். 1930களில்தான் காதல் நாவல் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். அப்போது வாடகை நூலகங்கள் செழித்திருந்த காலம். பழுப்பு நிற அட்டை போட்ட இந்தப் புத்தகங்களை வாரா வாரம் எடுத்துப் போக வாசகிகள் வருவார்கள். எழுத்தாளர் பெயரைவிட அட்டையின் நிறம்தான் அடையாளம்.

ஹார்லெக்வின் என்ற கனடா நிறுவனம் 1949இல் வின்னிபெக் நகரத்தில் தொடங்கியது. அவர்களும் துப்பறியும் கதை, கௌபாய் கதை என்று எல்லாம் கலந்துதான் போட்டார்கள். நிறுவனரின் மனைவி மேரி பானிகாஸ்டிலுக்கு மில்ஸ் அண்ட் பூனின் மருத்துவமனைக் காதல் கதைகள் பிடித்துப்போயின. 1957 முதல் அவற்றை வாங்கி மறுபதிப்பு செய்தார்கள். 1971இல் மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். அதே காலத்தில், சோப்பு விற்கும் நிறுவனத்தில் பழகிய லாரன்ஸ் ஹைசி என்பவர் தலைமைக்கு வந்தார். சோப்பு விற்கும் சூப்பர்மார்க்கெட்டிலேயே புத்தகத்தையும் வைத்தார். புத்தகக் கடைப் படி ஏறாத வாசகிகளிடம் கதைகள் போய்ச் சேர்ந்தன. 2014இல் ஹார்லெக்வின், ஹார்ப்பர்காலின்ஸ் கைக்குப் போனது.

ஏன் இத்தனை பேர் புனைபெயரில் எழுதுகிறார்கள்? வெட்கமா?

வெட்கம் ஒரு காரணம்தான். அதிலும் அந்த வெட்கத்தை அவர்கள் மேல் ஏற்றியவர்கள் மற்றவர்கள்.

ஆஸ்டினின் முதல் நாவல் 1811இல் வெளியானபோது அட்டையில் "ஒரு பெண்மணி எழுதியது" என்று மட்டும்தான் இருந்தது. 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், முந்தைய நாவலை எழுதியவரே எழுதியது என்று போட்டார்கள். உயிரோடு இருந்தவரை எந்த அட்டையிலும் அவர் பெயர் வரவில்லை. அந்த நாவலின் முழு உரிமையையும் 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். பின்னால் அது எத்தனை பதிப்பு போனாலும் அவருக்கு ஒன்றுமில்லை. சார்லட் பிராண்டே 'ஜேன் ஐர்' நாவலை கரர் பெல் என்ற பெயரில் வெளியிட்டார். அது ஆண் பெயரா பெண் பெயரா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம்.

நம் காலத்துக்கு வருவோம். எலோய்சா ஜேம்ஸ் என்ற பெயரில் எழுதுபவர் மேரி பிளை. ஷேக்ஸ்பியர் கற்பிக்கும் பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் வேலை நிரந்தரமாகும்வரை தான் காதல் நாவல் எழுதுவதை வெளியே சொல்லவில்லை. 2005இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். அதே அளவு உழைப்பில் அவர் கொலைக் கதை எழுதியிருந்தால் மறைக்க வேண்டியிருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நேர்மாறான காரணங்களும் உண்டு. ஜெசிகா ஸ்டர்லிங் என்ற பெயருக்குப் பின்னால் பல ஆண்டுகள் இருந்தவர் ஹியூ சி. ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஓர் ஆண். நோரா ராபர்ட்ஸ் ஜே. டி. ராப் என்ற பெயரிலும் எழுதுகிறார். அது எதிர்காலத்தில் நடக்கும் காவல்துறைக் கதை வரிசை. வாசகர் குழம்பக்கூடாது என்பதற்காக இரண்டு பெயர்.

தமிழ் வாசகருக்கு இதில் ஓர் இனிய ஒப்புமை கிடைக்கிறது. அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. "யாயும் ஞாயும் யாராகியரோ" பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. எழுதியவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. அவர் சொன்ன உவமையையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம்.

ஒரு வருஷத்தில் இத்தனை புத்தகம் எழுதினால் தரம் எப்படி இருக்கும்?

ஆளைப் பொறுத்தது. பார்பரா கார்ட்லேண்ட் எழுநூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். எழுதினார் என்பதைவிடச் சொன்னார் என்பது பொருத்தம். சோபாவில் சாய்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொள்வார். ஒரே ஆண்டில் 23 நாவல்கள் என்று கின்னஸ் சாதனையும் அவர் பெயரில் இருந்தது. நான் படித்த வரையில் அவருடைய கதைகள் ஒன்றின் சாயல் ஒன்றில் அப்படியே தெரியும். நாலைந்து படித்தால் போதும்.

நோரா ராபர்ட்ஸ் விஷயம் வேறு. 1979 பிப்ரவரியில் பெரும் பனிப்பொழிவு. இரண்டு சின்னப் பையன்களோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது, பென்சிலும் நோட்டும் எடுத்து எழுத ஆரம்பித்தார். ஹார்லெக்வின் திருப்பி அனுப்பியது. எங்களிடம் ஏற்கெனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார் என்பது தனக்கு வந்த பதில் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1981இல் சில்ஹவுட் என்ற போட்டி நிறுவனம் அவருடைய முதல் நாவலை வெளியிட்டது. இன்று அவர் எழுதியவை இருநூறைத் தாண்டிவிட்டன. அவருடைய கதையில் வருகிற அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதைப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று எழுதாமல் விட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். தினமும் உட்கார்ந்து எழுதுகிற பழக்கத்தில் வந்த கை அது.

ஹேயர் இன்னொரு மாதிரி. உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுதுபோகப் பதினேழு வயதில் சொன்ன கதைதான் 1921இல் முதல் நாவலாக வந்தது. ரீஜென்சி காலம் எனப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைக் களமாக்கி ஒரு தனி வகையையே உருவாக்கினார். அந்தக் காலத்து உடை, வண்டி, கொச்சைப் பேச்சு என்று எல்லாவற்றையும் நோட்டு நோட்டாகக் குறித்து வைத்திருந்தார். பேட்டி கொடுக்க மாட்டார். என்னைப் பற்றித் தெரிய வேண்டியது என் புத்தகத்தில் இருக்கிறது என்பது அவர் நிலை.

பழைய நாவல்களில் நாயகன் பலவந்தமாக நடந்துகொள்கிறானே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மழுப்பாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. 1919இல் ஈ. எம். ஹல் எழுதிய 'த ஷேக்' நாவலில் நாயகன் நாயகியைக் கடத்திப் பலாத்காரம் செய்கிறான். அவளோ அவனையே காதலிக்கிறாள். 1972இல் கேத்லின் வுடிவிஸ் எழுதிய 'த ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்' நாவலிலும் அப்படியொரு காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. அது சாதாரண நாவலும் அல்ல. கேட்பாரற்று வந்து குவிந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஏவன் பதிப்பகத்தின் எடிட்டர் ஒருவர் எடுத்துப் படித்து, நேரடியாக பேப்பர்பேக்கில் வெளியிட்டு, பெரிய வெற்றி பெற்றது. நீளமான வரலாற்றுக் காதல் நாவல்களின் அலையே அதிலிருந்துதான் கிளம்பியது.

பெண் தன் ஆசையைத் தானே ஒப்புக்கொண்டால் கெட்ட பெயர் வந்துவிடும் என்றிருந்த காலத்தில், "அவள் மேல் தப்பில்லை" என்று சொல்லிக்கொள்ள எழுத்தாளர்கள் பிடித்த குறுக்கு வழி அது என்று ஒரு விளக்கம் உண்டு. விளக்கம் புரிகிறது. ஆனாலும் அந்தக் காட்சிகளை நான் காதல் என்று ஏற்கவில்லை. இன்றைய எழுத்தாளர்களில் பலர் சம்மதத்தையே அழகான காட்சியாக எழுதுகிறார்கள். "தொடலாமா?" என்று ஒருவன் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு நொடியில் எவ்வளவு படபடப்பை வைக்க முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். பழைய நாவலைக் கையில் எடுக்கும் முன் அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பாதியில் மூடி வைப்பதில் தப்பே இல்லை.

வெள்ளைக்காரர்களின் கதை மட்டும்தானா?

நெடுங்காலம் அச்சில் வந்தவை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. 1980இல் ரோசலிண்ட் வெல்ஸ் என்ற புனைபெயரில் எல்சி வாஷிங்டன் எழுதிய நாவல், கறுப்பின எழுத்தாளர் கறுப்பின நாயகன் நாயகியை வைத்து எழுதிய முதல் காதல் நாவலாக அறியப்படுகிறது. அதை வெளியிட முன்கை எடுத்த எடிட்டர் விவியன் ஸ்டீவன்ஸ், அவரும் கறுப்பினப் பெண்மணி. மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான். அதே சங்கம் பிற்காலத்தில் இனப் பாகுபாடு பற்றிய சச்சரவில் உடைந்து, 2024இல் திவால் மனு போடும் நிலைக்கு வந்தது என்பது வருத்தமான செய்தி.

1994இல் வந்த பெவர்லி ஜென்கின்ஸின் 'நைட் சாங்' நாவலை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்களே அமைத்த ஒரு கான்சாஸ் ஊரில், ஒரு பள்ளி ஆசிரியைக்கும் குதிரைப்படைச் சிப்பாய்க்கும் நடக்கும் கதை. பாடப் புத்தகம் சொல்லாத சரித்திரம் காதல் கதைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்தால் நிஜ வாழ்க்கையில் எதிர்பார்ப்பு கூடிவிடாதா?

கொலைக் கதை படிப்பவரிடம் யாரும் "கொலை செய்யத் தோன்றுமா?" என்று கேட்பதில்லை. காதல் நாவல் வாசகியிடம் மட்டும் இந்தக் கேள்வி வருகிறது.

1984இல் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்க ஊரின் காதல் நாவல் வாசகிகளிடம் நேரில் போய்ப் பேசி ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் கதையை நிஜம் என்று நம்பிக்கொண்டு படிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் செய்துவிட்டு, தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட நேரம் அது என்று சொன்னார்கள். கையில் புத்தகம் இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் அல்லவா. சிலர் வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தார்கள். முரட்டு நாயகனைவிட, பரிவோடு கவனித்துக்கொள்கிற நாயகனைத்தான் விரும்பினார்கள். ராட்வேக்கு இந்த நாவல்கள் மேல் விமர்சனமும் இருந்தது. பெண்கள் தங்கள் நிலைமையை மாற்றுவதற்குப் பதில் அதோடு சமாதானமாகிப் போக இவை உதவுகின்றனவோ என்று அவர் கவலைப்பட்டார். யோசிக்க வேண்டிய கவலைதான். ஆனால் மரியாதையாக நடத்தப்படுவதை எதிர்பார்க்க ஒரு புத்தகம் கற்றுக்கொடுத்தால், அந்த எதிர்பார்ப்பு கூடட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

எதிரிகள் காதலர்களாவது, போலிக் கல்யாணம் என்று ஒரே மாதிரி வருகிறதே?

வாசகர்கள் இவற்றை டிரோப் என்பார்கள். சங்கீதத்தில் ராகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகம் ஒன்றுதான், பாடுகிறவர் கையில்தான் மற்றதெல்லாம். இப்போது பலர் எழுத்தாளர் பெயரைவிட டிரோப்பைச் சொல்லித்தான் புத்தகம் தேடுகிறார்கள். எனக்குப் பிடித்தது, பிரிந்தவர்கள் பல வருஷம் கழித்துச் சேரும் கதை. ஏன் என்று மேலே எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன இழக்கிறோம்?

இழப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிடைப்பதைச் சொல்கிறேன். இன்றைய ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒன்றுதான். அதனால் ரீஜென்சி கதைகளில் நெருக்கம் காட்ட, "மிஸ் இன்னார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒருநாள் முதல் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு வினைமுற்றே போதும். இருநூறு பக்கம் "வாங்க, உட்காருங்க" என்றிருந்தவள், பதற்றத்தில் "எங்கே போயிட்டே?" என்று கேட்டுவிட்டால், அந்த ஓர் எழுத்து நழுவியதிலேயே காதல் தெரிந்துவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தைத் தேடித் தேர்ந்தெடுப்பார். அவசரக்காரர் இரண்டாம் பக்கத்திலேயே 'நீ' போட்டு வீணடித்துவிடுவார்.

வரிசை நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

பெரும்பாலும் ஒவ்வொரு புத்தகமும் ஒரு ஜோடியின் கதையாகத் தனித்து நிற்கும். ஜூலியா குவின் எழுதிய பிரிட்ஜர்டன் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு உடன்பிறப்புகள், ஆளுக்கொரு நாவல். முதலாவது 2000இல் வந்தது, தொலைக்காட்சித் தொடர் 2020 டிசம்பரில். நடுவிலிருந்து படித்தாலும் கதை புரியும். முன்னால் கல்யாணமானவர்கள் பின்னால் குழந்தை குட்டியோடு வந்து போவார்கள், அதனால் முதலில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது மட்டும் தெரிந்துபோகும். அது தெரிவதில் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி.

ஃபேன் ஃபிக்‌ஷனிலிருந்து வந்தவர்கள் நிஜமான எழுத்தாளர்களா?

ஆமாம். தங்களுக்குப் பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைதான் ஃபேன் ஃபிக்‌ஷன், அதாவது ரசிகப் புனைவு. ஈ. எல். ஜேம்ஸ் 2011இல் வெளியிட்ட நாவல் 'டுவைலைட்' கதையின் ரசிகப் புனைவாகத் தொடங்கியது. அது என் ருசிக்கு ஒத்துவரவில்லை. நரம்பியல் ஆய்வாளரான ஏலி ஹேசல்வுட்டின் 'த லவ் ஹைப்பாதிசிஸ்' 'ஸ்டார் வார்ஸ்' ரசிகப் புனைவாகப் பிறந்தது. ஆய்வுக்கூட வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவரின் கண் அதில் இருக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, உடனுக்குடன் வாசகர் சொல்வதைக் கேட்டு வளர்வது நல்ல பயிற்சிதான்.

நானும் ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

2003இல் பமேலா ரெஜிஸ் என்ற பேராசிரியர், காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று எழுதினார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலைச் சொல்லும் இடம் என்று போகும் அந்தப் பட்டியலில், எனக்கு மிகவும் உதவியது ஒன்றுதான்: இனி இவர்கள் சேரவே முடியாது என்று தோன்றும் ஒரு மரண கணம். 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத்தின் தங்கை ஓடிப்போகும் இடம் அது. முடிவு தெரிந்த வாசகரையே அந்த ஒரு கணம் சந்தேகப்பட வைக்க வேண்டும்.

அதற்குத் தடை வலுவாக இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலை வைத்து முந்நூறு பக்கம் இழுக்காதீர்கள். வாசகர் கோபப்படுவார், நியாயமான கோபம். தடை நாயகியின் குணத்திலோ நாயகனின் பயத்திலோ இருக்கட்டும். அப்போது அது விலக, அவர்கள் மாற வேண்டியிருக்கும்.

எழுதி முடித்ததும் காதலைச் சொல்லும் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். அந்த வசனத்தை வேறு எந்த நாவலின் நாயகனும் அப்படியே பேசிவிட முடியும் என்றால் அதை எடுத்துப்போட்டுவிட்டு, அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள், மேசையில் என்ன கிடக்கிறது, யாருடைய கை சும்மா இருக்கிறது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள்.